ரேம்ப் அலுவலகத்தில் எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது?

கேள்வி: என் மாமா சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப் நடத்துகிறார். அலுவலகத்தில் எடைமேடைக் கணினி ஒன்று, கணக்குக் கணினி ஒன்று, சிசிடிவி ரெக்கார்டர், பிரிண்டர், இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டர் ஆகியவை இருக்கின்றன. குலை ஏற்றி வரும் லாரிக்காரர்களும் அதே வைஃபையைத்தான் பயன்படுத்துகிறார்கள். போன மாதம் ஒரு நாள் இரவில் எடைமேடைக் கணினியில் மவுஸ் தானாக நகர்ந்து எடைப் பட்டியலைத் திறந்ததைக் கிராணி பார்த்திருக்கிறார். மென்பொருள் போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால், “நானாகத்தான் இருக்கும்” என்கிறார். நான் ஈப்போவில் கணினிக் கடையில் வேலை செய்பவன். “நீயே பார்த்துச் சொல்” என்று மாமா சொல்லிவிட்டார். எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று ஸ்கேன் செய்ய நினைக்கிறேன். அதே தெருவில் இருக்கும் மினி மார்க்கெட்டுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த மவுஸ். ஸ்கேனை விட அது அவசரம்.

விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒருவர் நுழைந்தால், மேசையில் இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும். கிராணியின் கண்ணுக்கு எதுவும் நகர்ந்து தெரியாது. மவுஸ் நகர்ந்து ஒரு பட்டியலைத் திறந்தது என்றால், எனிடெஸ்க், டீம்வியூவர், விஎன்சி போன்ற ஒன்று அந்தக் கணினியில் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். போர்ட் என்பது நெட்வொர்க் வழியாக வரும் இணைப்புக்கு ஒரு நிரல் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல். விஎன்சி பொதுவாக 5900 போர்ட்டில் காத்திருக்கும், அதனால் ஸ்கேனில் அகப்படும். மற்ற இரண்டும் உள்ளிருந்து வெளியே போய்த் தங்கள் சர்வரோடு பேசிக்கொண்டிருப்பவை. அவற்றுக்காக ரௌட்டரில் ஒரு போர்ட்டும் திறந்திருக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து நூறு முறை ஸ்கேன் செய்தாலும் ‘எல்லாம் மூடியிருக்கிறது’ என்றுதான் வரும். அதை நம்பி நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஆகவே இன்றைக்கே அந்தக் கணினியின் முன் உட்காருங்கள். எந்த ரிமோட் மென்பொருள் இருக்கிறது என்று பாருங்கள். டீம்வியூவரானால் அதன் நிறுவல் கோப்புறையில் ‘கனெக்‌ஷன்ஸ் இன்கமிங்’ என்ற பெயரில் டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். எனிடெஸ்கானால் ‘புரோகிராம் டேட்டா’வுக்குள் அதன் கோப்புறையில் ‘கனெக்‌ஷன் ட்ரேஸ்’ என்ற கோப்பு இருக்கும். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தார் என்பது அவற்றில் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். கிராணி சொன்ன இரவோடு ஒப்பிடுங்கள். மென்பொருள்காரரின் அடையாள எண்ணாக இருந்தால், இனி முன்கூட்டிச் சொல்லாமல் வரக்கூடாது என்று மாமா அவரிடம் சொல்லிவிடலாம். ஆளில்லாத நேரத்தில் நுழைய உதவும் நிரந்தரக் கடவுச்சொல்லையும் எடுத்துவிடலாம். தெரியாத எண்ணாக இருந்தால் நிலைமை வேறு. நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். கணினியை அணைக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், திரையைப் படம் எடுத்து வையுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்குப் புகார் செய்யுங்கள். குலை விற்கும் தோட்டக்காரர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் அந்தக் கணினியில் இருக்குமல்லவா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறிப்பிடத்தக்க பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

இனி ஸ்கேன். மாமா வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. சொந்தக்காரர் ஆயிற்றே என்று தயங்காமல் அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தெந்தக் கருவிகள், எந்த முகவரிகள், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த மடிக்கணினியிலிருந்து, ஏதாவது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது ஆகிய எல்லாம் அதில் வர வேண்டும். என்ன செய்யமாட்டீர்கள் என்பதும் வர வேண்டும்: கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதில்லை, ஓட்டை தெரிந்தாலும் அதன் வழியாக நுழைந்து பார்ப்பதில்லை. எடைமேடைக் கணினி உண்மையிலேயே மாமாவுடையதா, பராமரிப்பு ஒப்பந்தத்தில் மென்பொருள்காரர் வைத்திருப்பதா என்றும் கேளுங்கள். அவருடையது என்றால் அவர் சம்மதமும் வேண்டும்.

இந்தத் தாளின் மதிப்பு மினி மார்க்கெட் விஷயத்தில் தெரியும். அவர்கள் கேட்கவில்லை, நீங்களாகப் பார்க்க நினைக்கிறீர்கள். வேண்டாம். 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கணினியில் நுழைவதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ‘நல்லெண்ணத்தோடு பார்த்தேன்’ என்பது அனுமதி ஆகாது. கதவைத் தட்டிப் பார்ப்பதற்கும் திறந்து பார்ப்பதற்கும் இடையில் ஓர் அடிதான். ரெக்கார்டரின் லாகின் பக்கம் தெரிந்ததும் ‘12345’ போட்டுப் பார்க்கலாமே என்று கை போகும். போட்ட கணமே கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். மினி மார்க்கெட் முதலாளியிடம் நேரில் போய், “மாமா கடையில் இப்படிப் பார்த்தோம், உங்கள் சிசிடிவி போட்டவரிடம் நீங்களும் கேளுங்கள்” என்று சொன்னாலே பெரிய உதவி. பள்ளியில் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அங்கே அனுமதி தர வேண்டியவர் யார் என்பதை அவர் விசாரிப்பார். நாளைக்கு இதையே தொழிலாக்கி வெளியாருக்கு ஊடுருவல் சோதனை செய்து கொடுக்கும் எண்ணம் இருந்தால், 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாக்சாவிடம் (தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனம்) உரிமம் பெற வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கைபழக வேண்டுமானால், என்மேப் என்ற ஸ்கேன் கருவியின் திட்டத்தார் ‘ஸ்கேன்மீ.என்மேப்.ஆர்க்’ என்ற சர்வரைப் பொதுமக்கள் ஸ்கேன் செய்து பழகவே விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் ஓரிரு முறை பார்க்கலாம். அங்கேயும் கடவுச்சொல் விளையாட்டு கூடாது.

வேலை நாளில் முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றி வாருங்கள். கேபிள் போகும் இடமெல்லாம் போங்கள். எடைமேடையின் எடைகாட்டி, சீரியல் கேபிளில் நேராகக் கணினிக்கு வருகிறதா, நடுவில் சின்னக் கன்வர்ட்டர் பெட்டி ஒன்று வழியாக நெட்வொர்க்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் அந்தப் பெட்டியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பிறகு ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். கைப்பேசிகள் மேக் முகவரியை, அதாவது கருவியின் நெட்வொர்க் அடையாள எண்ணை, மாற்றி மாற்றிக் காட்டும்; பெயர் தெரியாத நாலைந்து வரிகள் லாரிக்காரர்களின் கைப்பேசிகளாக இருக்கலாம்.

ஒரு பாக்கெட்டும் அனுப்பாமலே தெரிந்துகொள்ளக் கூடியது நிறைய. இரண்டு கணினியிலும் விண்டோஸின் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து, ‘நெட்வொர்க்’ பகுதியில் ‘லிஸனிங் போர்ட்ஸ்’ பட்டியலை விரியுங்கள். எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது, ஃபயர்வால் அதை விடுகிறதா என்று வரிசையாகக் காட்டும். முகவரி 127.0.0.1 அல்லது ‘லூப்பேக்’ என்று இருந்தால் அது அந்தக் கணினிக்குள் மட்டும், கவலை வேண்டாம். முகவரி குறிப்பிடாமல் இருந்தால் நெட்வொர்க் முழுவதற்கும் காத்திருக்கிறது என்று பொருள். ஸ்கேன் உங்களுக்குப் போர்ட் எண்ணைச் சொல்லும், இந்தப் பட்டியல் நிரலின் பெயரையே சொல்லும். பலர் இதைத் தாண்டிவிட்டு நேராக ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். பிறகு ‘1433 திறந்திருக்கிறதே, அது என்ன’ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் வழக்கமான எண் அது. எடை மென்பொருள் தன் கணக்கை அங்கே வைத்திருக்கக்கூடும்.

ஸ்கேனுக்கு என்மேப் போதும். கார்டன் லயன் 1997இல் வெளியிட்டது, இன்றும் இலவசம். அதன் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். விண்டோஸ் நிறுவியில் ‘ஜென்மேப்’ என்ற திரைமுகமும் சேர்ந்தே வரும். மடிக்கணினியைக் கேபிளில் சொருகுங்கள். சில ரௌட்டர்கள் வைஃபை கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாது, ‘யாருமே இல்லை’ என்ற தவறான முடிவு கிடைக்கும். இலக்கு முகவரியை இரண்டு முறை படித்துப் பாருங்கள். 192.168.1.0/24 என்றால் 256 முகவரிகள். கை தவறி 24க்குப் பதில் 16 போட்டால் 65,536. அவை அனைத்தும் உங்கள் மாமாவுடையவை அல்ல.

நேரம் முக்கியம். லாரி வரிசையில் நிற்கும்போது தொடாதீர்கள். எடை எல்லாம் முடிந்து, அன்றைய கணக்கு சேமித்து, நகலும் எடுத்த பிறகு தொடங்குங்கள். முதலில் ‘பிங் ஸ்கேன்’. யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும். உள் நெட்வொர்க்கில் ஏஆர்பி (கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறை) வழியாகக் கேட்பதால் ஃபயர்வால் போட்ட கணினியும் பதில் சொல்லும். தாளில் இல்லாத கருவி ஒன்று வந்தால் அங்கேயே நின்று, அது என்னவென்று கண்டுபிடித்த பிறகே மேலே போங்கள். அடுத்து ‘குயிக் ஸ்கேன்’. அதிகம் பயன்படும் 100 போர்ட்டுகளைப் பார்க்கும். கட்டளைப் பெட்டியில் வேகத்தைக் குறிக்கும் டி4 என்று இருப்பதை டி2 ஆக்கினால் ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் 0.4 விநாடி நிறுத்தும். ஒரு கருவிக்கு 100 போர்ட் ஏறக்குறைய 40 விநாடி. வழக்கமான 1000 போர்ட் 7 நிமிடம். மொத்தம் உள்ள 65,535 போர்ட்டையும் அதே வேகத்தில் பார்க்க 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே முழுச் சோதனையை இரண்டு கணினிகளுக்கும் ரௌட்டருக்கும் மட்டும், இயல்பான வேகத்தில் செய்யுங்கள். மற்றவற்றுக்கு 1000 போதும். இதுவரை சொன்னது டிசிபி போர்ட்டுகள்; யூடிபி என்ற மற்றொரு வகைக்கான ஸ்கேன் மிகவும் மெதுவாகப் போகும். கருவிகளைக் கண்காணிக்கப் பயன்படும் 161 போன்ற ஓரிரண்டை மட்டும் பாருங்கள்.

ஜென்மேப் திறந்ததும் கண்ணில் படுவது ‘இன்டென்ஸ் ஸ்கேன்’. அதைக் கன்வர்ட்டர் பெட்டிமேலும் ரெக்கார்டர்மேலும் ஓட்டாதீர்கள். அது போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், உள்ளே இருப்பது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று பேச்சுக் கொடுத்துப் பார்க்கும். இத்தகைய கன்வர்ட்டர்கள் பல, ஒரே நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் ஏற்கும். அந்த இடத்தை ஸ்கேன் பிடித்துக்கொண்டால் எடைமேடைக் கணினியில் எடை வராது. அப்படி நின்றால் ஸ்கேனை நிறுத்தி, பெட்டியின் மின்சாரத்தைக் கழற்றி அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். எடை மென்பொருளையும் மூடித் திறங்கள். பிரிண்டரும் அப்படித்தான். 9100 போர்ட்டுக்கு எது வந்தாலும் அச்சடித்துவிடும் பிரிண்டர்கள் உண்டு. அதனால்தான் என்மேப் பதிப்புச் சோதனையில் 9100 முதல் 9107 வரை தானாகவே விட்டுவிடும். அந்த விலக்கை நீக்காதீர்கள், பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்து வரும்.

முடிவில் மூன்று சொற்கள் அடிக்கடி வரும். ‘ஓப்பன்’ என்றால் அங்கே ஒரு நிரல் காத்திருக்கிறது. ‘குளோஸ்டு’ என்றால் கருவி பதில் சொன்னது, ஆனால் அந்த எண்ணில் யாருமில்லை. ‘ஃபில்டர்டு’ என்றால் பதிலே வரவில்லை, நடுவில் ஃபயர்வால் விழுங்கிவிட்டது. பக்கத்தில் வரும் சேவைப் பெயரை அப்படியே நம்பாதீர்கள். பதிப்புச் சோதனை செய்யாதபோது எண்ணை வைத்துப் பட்டியலில் பார்த்து எழுதுகிற பெயர் அது. 8000க்கு நேராக வலைப்பக்கம் போல ஒரு பெயர் வரும், உண்மையில் அது ரெக்கார்டராக இருக்கும்.

திறந்த போர்ட் எல்லாம் குற்றமில்லை. பிரிண்டரின் 9100 திறந்திருந்தால்தான் பில் அச்சாகும். ஒவ்வொரு திறந்த போர்ட்டுக்கும் எதிரே மூன்று விவரம் எழுதுங்கள்: எந்த வேலைக்கு, யார் கேட்டது, எந்தக் கணினி அதைத் தொட வேண்டும். எழுத முடியாமல் காலியாக நிற்கும் வரிதான் உங்கள் வேலை.

உள்ளே பார்த்தது பாதி. வெளியிலிருந்து எது தெரிகிறது என்பது ரௌட்டரைப் பொறுத்தது. இங்கேதான் தெரியாமல் பிறர் வீட்டுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. ரௌட்டர் பக்கத்தில் ‘வான்’ (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரௌட்டருக்குத் தந்த எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளங்கள் வேறு எண்ணைக் காட்டினாலோ, உங்கள் வெளி முகவரி பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்வது. அதைத் தொடவே கூடாது. அங்கே பதில் சொல்வது இணைய நிறுவனத்தின் கருவி. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஸ்கேன் செய்யலாம், ஆனால் அதே நிமிடம். மின்தடை வந்து ரௌட்டர் மறுபடி எழுந்தால் முகவரி மாறக்கூடும். நேற்று குறித்து வைத்த எண் இன்றைக்கு யாரோ ஒருவர் வீட்டு எண்.

மடிக்கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். அலுவலக வைஃபையில் இருந்தபடி வெளி முகவரியைப் பார்த்தால், ரௌட்டர் தன் உள்முகத்தையே காட்டிக் குழப்பும். மொபைல் நிறுவனம் சில போர்ட்டுகளைத் தானே அடைத்திருக்கலாம். ஆகவே ரௌட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு) பக்கத்தையும் கண்ணால் பாருங்கள். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இயங்குகிறது என்றால் ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளி முகவரி இருக்கக்கூடும். ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் போட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 7547 திறந்து தெரிந்தால் அது இணைய நிறுவனம் ரௌட்டரைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் வழி. நீங்கள் மூட முயலாமல் அவர்களிடம் கேளுங்கள்.

ஃபார்வர்டிங் பட்டியலில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் எண்ணான 3389 இருந்தால் அன்றிரவே எடுத்துவிடுங்கள். எண்ணை 33890 என்று மாற்றி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இணையத்தில் இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கும் ஸ்கேனர்களுக்கு எண் பொருட்டே இல்லை. மென்பொருள்காரர் வர வேண்டுமென்றால் விபிஎன் (சாவி உள்ளவருக்கு மட்டும் திறக்கும் மறைகுறியீட்டு வழி) போட்டுக் கொடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாகக் காத்திருக்கும் யூடிபி 51820 போர்ட், சரியான சாவி இல்லாதவருக்குப் பதிலே சொல்லாது. ரௌட்டர் அதை ஆதரிக்காவிட்டால், ஆள் சம்மதம் கொடுத்தால் மட்டும் திறக்கும் ரிமோட் மென்பொருளே மேல். விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 வெளியே தெரிந்தால் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை பரவியது அந்த வழியில்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். 23, அதாவது மறைகுறியீடு இல்லாத பழைய ரிமோட் வழியான டெல்நெட், எங்கே திறந்திருந்தாலும் அணையுங்கள். 2016இல் மிராய் என்ற தீம்பொருள் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது அங்கே இருந்த தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வைத்துத்தான்.

ரெக்கார்டருக்கான 8000, 37777, 554 போன்றவை ஃபார்வர்டிங்கில் இருந்தால் அது சிசிடிவி போட்டவர் மாமாவின் கைப்பேசியில் படம் தெரிய வைக்கச் செய்த வேலையாக இருக்கும். அதை எடுத்துவிட்டு ரெக்கார்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, விபிஎன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை ரௌட்டரில் அணைக்காவிட்டால் நீங்கள் நீக்கிய ஃபார்வர்டிங்கை ரெக்கார்டரே திரும்பப் போட்டுக்கொள்ளும். ‘நேற்று மூடினேனே, இன்றைக்கு எப்படித் திறந்தது’ என்று குழம்பும் இடம் இது. கணினிகளில் ஃபயர்வால் முழுவதுமாக அணைந்திருந்தால், மென்பொருள் ஓடவில்லை என்று யாரோ குறுக்கு வழியில் போயிருப்பார்கள். மறுபடி போட்டு, 1433க்கும் 445க்கும் கணக்குக் கணினியின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். மறுநாள் காலை முதல் லாரி எடை போடும்வரை அங்கேயே இருங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை லாரிக்காரர்களின் வைஃபை. வெளிக் கதவை எவ்வளவு பூட்டினாலும், வைரஸ் ஏறிய ஒரு கைப்பேசி எடைமேடைக் கணினியோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது. ரௌட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ போட்டு அவர்களை அதற்கு மாற்றுங்கள். பழைய வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிறகு உங்கள் மடிக்கணினியைக் கெஸ்டில் இணைத்து எடைமேடைக் கணினியை ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் பிரிவு வேலை செய்யவில்லை.

ஸ்கேன் முடிவுகளைச் சேமித்து மாமாவிடம் பென்டிரைவில் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், திருடனுக்கு வரைபடம் கொடுத்ததாகிவிடும். ஜென்மேப்பின் ‘கம்பேர் ரிசல்ட்ஸ்’ பழைய முடிவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது என்று காட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். சிசிடிவிக்காரரோ மென்பொருள்காரரோ வந்து வேலை செய்துவிட்டுப் போன அன்று மாலையும், இணைய நிறுவனம் ரௌட்டரை மாற்றிக் கொடுத்த அன்றும் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அந்த அரைப் பக்கத் தாளில் புதிய தேதியும் மாமாவின் கையெழுத்தும் வேண்டும்.